கம்பியூட்டர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை: பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி?



ஆசிரியர், கிராம சேவகர் போன்ற உத்தியோகங்களுக்குப் போட்டிப் பரீட்சை இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கும் பரீட்சை உண்டு. ஆனால் அது வேறு மாதிரி. கேட்பவர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கணக்கை எப்படி யோசிக்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே தீர்க்க வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைகள் கூட பேசிப் பழகாததால் இதில் தவறிப் போகிறார்கள்.

மென்பொருள் என்பது கம்பியூட்டரும் கைபேசியும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். வங்கி மெஷின் காசு எண்ணிக் கொடுப்பதும் இப்படி எழுதிய கட்டளையால்தான்.

1. படிக்கும் வழி

உயர்தரம் பாஸ் பண்ணி பல்கலைக்கழகம் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டாலும் வேறு வழி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையம் வழியாக இலவசப் பாடங்கள் நடத்துகிறது. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கம்பியூட்டர் மொழிகள் பல. எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதை விட, 1991இல் வெளிவந்த பைதன் அல்லது 1995இல் வெளிவந்த ஜாவா, இரண்டில் ஒன்றை எடுத்து ஆழமாகப் படிப்பது நல்லது.

2. விண்ணப்பம்

சுயவிபரக் கோவை ஒரு பக்கம் போதும். படித்த பாடங்களோடு, சொந்தமாகச் செய்து பார்த்தவற்றையும் எழுத வேண்டும். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை மாத முடிவில் கூட்டித் தரும் ஒரு சின்ன செயலி, மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கு, இப்படி எதுவானாலும் சரி. அதை 2008இல் ஆரம்பித்த கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டு வைக்கலாம். வேலை கொடுப்பவர் அதைத் திறந்து பார்ப்பார்.

தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது. அதைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். விலாசத்தில் தோட்டத்தின் பேரையும் டிவிஷனையும் எழுதக் கூச வேண்டாம்.

3. நேர்முகத்தில் என்ன நடக்கும்?

இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "செக்ரோலில் 1,000 பேரின் இலக்கங்கள் இருக்கின்றன. அதில் ஓர் இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்."

முதலாவது, திருப்பிக் கேட்க வேண்டும். "இலக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா? ஒரே இலக்கம் இரண்டு தடவை வருமா?" துரைமார் முன்னால் வாய் திறக்காமல் நின்று பழகிய குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கஷ்டம். ஆனால் இந்த அறையில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்பதற்கும் புள்ளி உண்டு.

இரண்டாவது, எளிய வழியைச் சொல்ல வேண்டும். முதல் பேரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் போவது. இதில் 1,000 தடவை வரை பார்க்க நேரிடலாம்.

மூன்றாவது, அதை விட நல்ல வழியைத் தேட வேண்டும். இலக்கங்கள் வரிசையாக இருந்தால் நடுவில் திறக்கலாம். தேடும் இலக்கம் அதை விடச் சிறியது என்றால் பின்பாதி தேவையில்லை. பெரியது என்றால் முன்பாதி தேவையில்லை. இப்படியே பாதி பாதியாக ஒதுக்கினால் 1,000 பேரில் 10 தடவைக்குள் விடை வந்து விடும். பத்து இலட்சம் பேர் இருந்தாலும் 20 தடவை போதும்.

நான்காவது, சோதித்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் ஒருவருமே இல்லாவிட்டால்? தேடும் இலக்கம் கடைசியில் இருந்தால்? அப்படி ஓர் இலக்கமே இல்லாவிட்டால்?

இடையில் சிக்கிக் கொண்டால் பேசாமல் இருந்து விடக் கூடாது. "இந்த இடத்தில் எனக்கு இதுதான் பிடிபடவில்லை" என்று சொன்னால், கேட்பவர் ஒரு குறிப்பாவது கொடுப்பார்.

4. பெற்றோர் செய்ய வேண்டியது

"எங்களுக்கு கம்பியூட்டரே தெரியாதே, நாங்க என்ன செய்யிறது?" என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

அந்தி நேரத்தில் இரண்டு மணித்தியாலம் பிள்ளையைத் தண்ணிக்கும் விறகுக்கும் கூப்பிடாமல் விடுங்கள். முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு இந்த நேரம் கிடைக்க வேண்டும்.

படித்த கணக்கைப் பிள்ளை உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள். பிறகு அதையே பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும்.

வீட்டில் கம்பியூட்டர் இல்லாவிட்டால் கொப்பியில் கட்டளைகளை எழுதி, வரி வரியாகச் சரி பார்க்கலாம். சில நேர்முகங்களில் பலகையில்தான் எழுதச் சொல்வார்கள். ஆகவே இந்தப் பழக்கம் வீண் போகாது. இணையத்தில் பரீட்சை என்றால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

நேர்முகத்துக்கோ வேலைக்கோ காசு கட்டச் சொன்னால் உடனே விலகி விடுங்கள். நல்ல கம்பெனி வேலை தருவதற்குக் காசு வாங்காது. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

ஒரு தடவை தவறினால் பிள்ளையை ஏச வேண்டாம். கேட்ட கேள்விகளை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு அதுவே பாடம்.

வீட்டில் செய்து பார்க்க

ஐந்து பேர் பறித்த கொழுந்து 14, 18, 22, 17, 25 கிலோ. எந்த இரண்டு பேருடையதைச் சேர்த்தால் 40 கிலோ வரும்? விடை 18, 22. ஒவ்வொரு சோடியாகக் கூட்டினால் 10 சோடிகள். 1,000 பேர் என்றால் 499,500 சோடிகள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிறையையும் குறித்துக்கொண்டே போய், 40க்கு மிச்சம் வேண்டியது முன்பே குறித்ததில் இருக்கிறதா என்று பார்த்தால், பட்டியலை ஒரு தடவை பார்த்தாலே போதும். ஏன் போதும் என்று பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.