தரச்சான்று பெற்ற வெள்ளி நாணயம்: 70-க்கு ஏன் கூடுதல் விலை?

அமெரிக்க நாணயச்சாலை 1986 முதல் வெளியிடும் சில்வர் ஈகிள் நாணயத்தில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் வெள்ளி இருக்கிறது. நாணயத் தரத்தை மதிப்பிடும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் அதற்கு 69 புள்ளி தந்தாலும் உச்சமான 70 தந்தாலும் வெள்ளி கூடுவதில்லை, விலைதான் கூடுகிறது. அந்த ஒரு புள்ளி வித்தியாசம் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. புது நாணயங்களில் உயர்ந்த புள்ளி அரிதும் அல்ல. சான்று போலியிலிருந்து காக்குமே என்று கேட்கலாம். காக்கும், ஆனால் 69-க்கான சான்றும் அதே காவலைத் தருகிறது. தவிர, சான்றோடு நாணயத்தை அடைத்துத் தரும் உறையையே போலியாகச் செய்கிறார்கள். எனவே உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள், படம் இருந்தால் ஒப்பிடுங்கள். 70-க்குப் பதில் 69-ஐ வாங்கி மிச்சமாகும் பணத்தை, சுமார் 36 லட்சம் மட்டுமே அச்சான 1996-ம் ஆண்டு நாணயத்துக்கு ஒதுக்குங்கள்.