சாவியைக் கொடுக்கலாமா? பட்டறையில் ஒரு நட்டு சொல்லும் அறிவியல்

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறிய நட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.

என் மாமா பல ஆண்டுகள் சேமித்து, டர்போ பொருத்திய உயர்திறன் கார் ஒன்றை வாங்கினார். ஒருநாள் அதை சர்வீஸுக்கு விட்டார். பிரேக் பட்டைகளை மாற்றி, என்ஜின் ஆயிலை மாற்றி, பளபளவென்று கழுவித் தந்தார்கள். மூன்று வாரம் கழித்து, தாப்பாவுக்கு அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் டயர் பஞ்சர். ஸ்பானரைப் போட்டு முறுக்கினார். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் முனையில் ஏறி நின்றார். அப்போதும் அசையவில்லை. நின்றபடியே ஒரு குதி குதித்தார். 'டக்' என்ற சத்தத்துடன் போல்ட்டே முறிந்துவிட்டது. இரவு பத்து மணிக்குத்தான் இழுவை வண்டி வந்தது.

"இனி எந்தப் பட்டறையையும் நம்ப மாட்டேன்" என்றார் மாமா. ஆனால், நவீனக் காரை வீட்டு வாசலில் வைத்து நாமே முழுவதும் பழுதுபார்க்க முடியாது. யாரிடமாவது சாவியைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படியென்றால் எதை வைத்து நம்புவது? முகத்தை வைத்தா, அளவை வைத்தா?

நட்டு எவ்வளவு இறுக வேண்டும்?

ஸ்பானரால் ஒரு நட்டைத் திருப்பும்போது நாம் கொடுப்பது முறுக்குவிசை. அறிவியல் பாடத்தில் 'மோமென் டாயா' என்று படித்திருப்பீர்களே, அதே கருத்துதான்.

முறுக்குவிசை = விசை × தூரம்

மாமாவின் எடை 70 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், அவர் கொடுத்த விசை 700 நியூட்டன். ஸ்பானரின் நீளம் 30 சென்டிமீட்டர், அதாவது 0.3 மீட்டர். ஆகவே அவர் ஏறி நின்றபோது நட்டின் மேல் இருந்த முறுக்குவிசை 700 × 0.3 = 210 நியூட்டன் மீட்டர்.

அந்தக் காரின் கையேட்டில் போட்டிருந்த அளவு 108 நியூட்டன் மீட்டர்தான். பொதுவாக, ஒரு நட்டைக் கழற்ற, அதை இறுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த முறுக்கே போதும். மூன்று வாரத்தில் துருவும் பெரிதாகப் பிடித்திருக்காது. அப்படியானால் அந்த நட்டை இறுக்கியவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு முறுக்கைக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நாம் இல்லாவிட்டாலும் நடந்ததைக் கணக்கு சொல்லிவிட்டது.

போல்ட்டும் ஒரு சுருள்வில்தான்

'கூடுதலாக இறுக்கினால் பாதுகாப்புதானே?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நட்டை இறுக்கும்போது போல்ட் மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட் சுருள்வில்லைப்போல் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை அச்சோடு அழுத்திப் பிடித்திருக்கிறது.

இந்த இழுவிசையைக் கணிக்கப் பொறியாளர்கள் ஓர் எளிய சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்:

முறுக்குவிசை = 0.2 × இழுவிசை × போல்ட்டின் விட்டம்

இதில் 0.2 என்பது உலர்ந்த திருகுக்குரிய உராய்வைக் கணக்கில் கொண்ட எண். 12 மில்லிமீட்டர் போல்ட்டை 108 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், இழுவிசை 108 ÷ (0.2 × 0.012) = 45,000 நியூட்டன். இது நான்கரை டன் எடைக்குச் சமம். ஒரே ஒரு போல்ட்டின் பலம் அது!

இப்போது அதே போல்ட்டில் 210 நியூட்டன் மீட்டரைப் போட்டுப் பாருங்கள். இழுவிசை 87,500 நியூட்டனாக உயரும். அந்த அளவில் போல்ட் தன் மீள் எல்லையைத் தாண்டிவிடும். அளவுக்கு மீறி இழுத்த பேனா ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பாததுபோல, போல்ட்டும் நிரந்தரமாக நீண்டு பலவீனமாகும். மாமாவின் கையில் முறிந்த போல்ட் நெடுஞ்சாலையில் ஓடும்போதே முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு வியப்பு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மீதி எல்லாம் உராய்வை வெல்வதிலேயே போய்விடும். யாராவது நல்லெண்ணத்தோடு திருகில் எண்ணெய் தடவிவிட்டால் உராய்வு குறையும். சூத்திரத்தில் 0.2 என்பது 0.15 ஆகிவிட்டால், சரியான 108 நியூட்டன் மீட்டரிலேயே இழுவிசை 60,000 நியூட்டனாகிவிடும். கையேடு 'உலர்ந்த நிலையில்' என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

பட்டறையில் 'டர்ர்ர்' என்று ஒலிக்கும் ஏர் கன் வேகமானது. ஆனால் அதைக் கொண்டே இறுக்கி முடித்தால் எவ்வளவு முறுக்கு போனது என்பது சரியாகத் தெரியாது. நல்ல மெக்கானிக் கடைசிச் சுற்றை டார்க் ரெஞ்சால்தான் முடிப்பார். குறித்த அளவு வந்ததும் அது 'கிளிக்' என்று சொல்லும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல், நட்சத்திரம் வரைவதுபோல் எதிரெதிராக இறுக்குவார். அப்போதுதான் சக்கரம் சீராக அமரும். உயர்திறன் கார்களில் அளவுகள் இன்னும் வேறுபடும். போர்ஷே 991 ஜிடி3 காரின் சக்கரத்தில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதற்கான அளவு 600 நியூட்டன் மீட்டர்! 'எல்லாக் காருக்கும் இதே கைப்பலம் போதும்' என்ற பழக்கம் இங்கே பலிக்காது.

கண்ணுக்குத் தெரியாத நீர்

அடுத்து பிரேக். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் இயக்க ஆற்றல் ½ × 1400 × 27.8², ஏறத்தாழ 540,000 ஜூல். அதை நிறுத்தும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. 30 பாகை செல்சியஸில் உள்ள 1.8 லிட்டர் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கே இவ்வளவு! கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால், தரநிலை கேட்கும் அளவு 155 பாகைதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது எளிதில் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். கால் அடிவரை போகும், கார் நிற்காது. நம் நாட்டின் ஈரமான காற்றில் இது வெறும் ஏட்டுப் பாடமல்ல. 'பிரேக் ஆயில் மாற்றினோம்' என்று பில்லில் எழுதியிருப்பதைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. ஆனால் நீரின் அளவையோ கொதிநிலையையோ காட்டும் சோதனைக் கருவி உண்டு. அதை வைத்துக் காட்டச் சொல்லலாம்.

குளிர்ந்த என்ஜினும் அவசரக் காலும்

பலருடைய பயம் வேறு: 'என் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களோ?' பிரேக் மாற்றிய காரை ஓட்டிப் பார்க்காமல் தருவதுதான் தவறு. புதிய பட்டைகள் பொருந்தச் சில கிலோமீட்டர் ஓட்டவும் வேண்டும். ஆகவே, எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்பதோடு எப்படி ஓட்டினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கெட்டிப்பாலைச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாகத்தான் இறங்கும். குளிர்ந்த என்ஜின் ஆயிலும் அப்படித்தான் தடித்திருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. உலோகத்தோடு உலோகம் உரசாமல் அதைக் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். என்ஜினின் சுழற்சி இருமடங்கானால், பிஸ்டனை முன்னும் பின்னும் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். ஆயில் சூடேறும் முன் அழுத்தி ஓட்டினால், தேய்மானம் அன்றே கண்ணுக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். குளிர்நீரின் வெப்பமானி 'சரி' என்று காட்டினாலும், ஆயில் சூடேற இன்னும் சற்று நேரம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார் சொல்லும் சாட்சி

காரின் கணினியும் ஓரளவுக்குச் சாட்சி சொல்லும். பழுது விளக்கு எரிந்த வேளையில் என்ஜினின் வேகம், வெப்பம் ஆகியவை என்ன என்பதை அது பதிந்துவைக்கும். சில போர்ஷே கார்கள் இன்னும் ஒரு படி மேலே போய், என்ஜின் எத்தனை முறை அளவு மீறிச் சுழன்றது, அது எந்த இயக்க மணி நேரத்தில் நடந்தது என்பதையும் குறித்துவைக்கின்றன. கையால் கியர் மாற்றும் காரில் நான்காம் கியருக்குப் பதில் தவறி இரண்டாம் கியரைப் போட்டால், சக்கரங்களே என்ஜினை வலிந்து சுழற்றும். எரிபொருளை நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பதிவு மட்டும் அழியாமல் இருக்கும்.

அளவுக்கும் ஓர் அளவு வேண்டும்

டார்க் ரெஞ்சு 'கிளிக்' என்றால் அது சரியான அளவுதானா? அதையும் சோதிக்க வேண்டும். கீழே விழுந்தாலும், நீண்ட நாள் பயன்படுத்தினாலும் அதன் அளவு மாறலாம். ஆகவே, அதை அவ்வப்போது அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். ஆய்வகத்தின் கருவி அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிடப்படும். இப்படியே மேலே போனால் சங்கிலி நாட்டின் அளவீட்டு நிறுவனத்தில் முடியும். மலேசியாவில் அது சிப்பாங்கில் சிரிம் நிறுவனத்தின் கீழ் இயங்கும் தேசிய அளவீட்டுக் கழகம். பட்டறையில் ஒலிக்கும் ஒரு 'கிளிக்' ஓசைக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

மாமா முறிந்த போல்ட்டோடும் இந்தக் கணக்கோடும் அதே பட்டறைக்குப் போனார். சண்டை போடவில்லை, தாளை நீட்டினார். மூத்த மெக்கானிக் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "புதுப் பையன் ஏர் கன்னோடு விட்டுவிட்டான். நான் பார்த்திருக்க வேண்டும்" என்றார். எல்லா போல்ட்டுகளையும் இலவசமாக மாற்றி, மாமாவின் முன்னாலேயே ஒவ்வொன்றையும் 'கிளிக்' சத்தம் வரும்வரை இறுக்கினார். கடைசியாக, "அண்ணே, நீங்களும் கையேட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களே" என்றும் சொன்னார். இப்போது மாமா அங்கேதான் சர்வீஸுக்கு விடுகிறார். ஆனால் கையேட்டோடு போகிறார்.

செய்து பார்ப்போம்

பழைய பேனா ஸ்பிரிங் ஒன்றை எடுங்கள். அதன் நீளத்தை அளந்து, சிறிது இழுத்துவிட்டு மீண்டும் அளவுங்கள். இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எந்த நீளத்துக்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை? அதுவே அதன் மீள் எல்லை.

சிந்திப்போம்

1. 60 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியால் 108 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் கொடுக்க எவ்வளவு விசை வேண்டும்?
2. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் காரின் இயக்க ஆற்றல், 100 கிலோமீட்டரில் ஓடும்போது இருப்பதில் எத்தனை விழுக்காடு?
3. உங்கள் வீட்டு வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது, மெக்கானிக்கிடம் அளவைக் குறித்துக் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.

விடைகள்: 1) 180 நியூட்டன். 2) 64 விழுக்காடு. மூன்றாவதற்கான விடையை வீட்டில் அப்பா அம்மாவோடு பேசி எழுதுங்கள்.