சாவிக்கொத்து அம்மாள் துப்பறிகிறார்

எமிலி பிரைட்வெல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993-இல் தொடங்கிய மிஸஸ் ஜெஃப்ரிஸ் வரிசை 40 நாவல்களைத் தாண்டிவிட்டது. கதை நடப்பது விக்டோரியா காலத்து லண்டனில். இன்ஸ்பெக்டர் விதர்ஸ்பூன் தங்கமான மனிதர். அத்தை விட்டுப்போன பெரிய வீடும் சொத்தும் உண்டு. கொலை விசாரணைக்கு வேண்டிய சாமர்த்தியம்தான் கொஞ்சம் மட்டு. ராத்திரி ஷெர்ரி கிளாஸோடு உட்கார்ந்து அன்றைய வழக்கைத் தன் ஹவுஸ்கீப்பர் மிஸஸ் ஜெஃப்ரிஸிடம் ஒப்பிப்பார். போலீஸ்காரரின் விதவையான அந்த அம்மாள், அடுக்களை மேசையில் சமையல்காரி, பணிப்பெண், வண்டிக்காரர், எடுபிடிப் பையன் எல்லோரையும் கூட்டி ஆளுக்கொரு வேலை கொடுப்பார். கொலையாளி பிடிபட்டதும், பிடித்தது தானே என்று இன்ஸ்பெக்டர் நம்பிக்கொண்டிருப்பார்.

இந்த அச்சில் தமிழில் ஒரு தொடர் எழுதலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஏழு அத்தியாயத்தோடு நிற்கிறது. அப்போது வாங்கின அடிகளும், இந்த வகை நாவல்களை வரிசையாகப் படித்து எரிச்சலடைந்ததும் சேர்ந்த பட்டியல் இது.

செய்ய வேண்டியவை

கணக்கு நோட்டைக் கையில் கொடுங்கள். பூதக்கண்ணாடி வேண்டாம். ஹவுஸ்கீப்பரின் பிழைப்பே எண்ணுவதுதான். விரிப்பு எத்தனை, சோப்பு எத்தனை, மெழுகுவர்த்தி எத்தனை, போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை. இதைவிடக் கூர்மையான ஆயுதம் எந்தத் துப்பறிவாளரிடமும் இல்லை.

நடந்த கதை ஒன்று. 1860 ஜூன் கடைசியில் வில்ட்ஷயரில், ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில், ஒரு குழந்தை கொலையுண்டது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் வந்தார். அவர் பிடித்துக்கொண்டது சலவைக் கணக்கை. அந்த வீட்டின் 16 வயதுப் பெண் கான்ஸ்டன்ஸ் கென்ட்டுக்கு இரவு உடுப்பு மூன்று. அதில் ஒன்றைக் காணோம். கூடையில் போட்டேன், நோட்டிலும் எழுதினேன் என்கிறாள் பணிப்பெண். கூடையில் அது இல்லவே இல்லை என்கிறாள் சலவைக்காரி. துருவிக் கேட்டால் இன்னொன்று வருகிறது. துணி எண்ணிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டன்ஸ் வந்து, உள்ளாடைப் பையில் என் பர்ஸ் இருக்கிறதா பார் என்றிருக்கிறாள். பிறகு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவா என்றிருக்கிறாள். பணிப்பெண் தண்ணீருக்குப் போன அந்த ஒரு நிமிடத்தில் உடுப்பு கூடையை விட்டு வெளியேறிவிட்டது என்பது விச்சரின் ஊகம். கறைபட்ட உடுப்பு ஏற்கெனவே அழிந்தாயிற்று. அந்தக் குறையைச் சலவைக்காரி தலையில் கட்டத்தான் இந்த நாடகம். அப்போது ஊரே விச்சரைத் திட்டியது, பெண்ணை விட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 1865-இல், அவளே வந்து ஒப்புக்கொண்டாள். வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ நாவலில் பெயின்ட் கறைபட்ட இரவு உடுப்பும் சலவை நோட்டும் வருகின்றனவே, அதன் வேர் இங்கேதான்.

நீங்கள் உடுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையை விட்டுவிடுங்கள். அடுக்களை மேசையில் தேநீரும் கேக்கும் வருகிற கதையில் குழந்தை சாகக்கூடாது.

காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எஜமானர்கள் கண் விழிப்பதற்குள் பணிப்பெண் கணப்பில் சாம்பலை அள்ளி, இரும்புக்குக் கறுப்பு மெருகு போட்டு, கம்பளத்தில் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிப் பெருக்கியிருப்பாள். புழுதி கிளம்பாமல் இருக்கத்தான் சக்கை. அதாவது இன்ஸ்பெக்டர் வருகிற நேரத்துக்குத் தடயத்தில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் என்ன பெருக்கினோம் என்பது பெருக்கினவளுக்குத் தெரியும். நல்ல வெயில் காலத்தில் படிப்பறைக் கணப்பில் ஏன் சாம்பல் இருந்தது? இந்தக் கேள்வி இன்ஸ்பெக்டருக்கு வராது, ஹவுஸ்கீப்பருக்கு வரும். மெழுகுவர்த்தியும் அப்படித்தான். எரிந்து மிஞ்சிய துண்டுகள் வேலைக்காரர்களுக்குச் சேர வேண்டிய வரும்படி. ஆகவே எந்த அறையில் எவ்வளவு நீளம் மிச்சம் என்பதில் அவர்களுக்கு அக்கறை உண்டு.

மணிகளை மறக்காதீர்கள். கீழ்த்தளத்து நடையில் வரிசையாகத் தொங்கும், அறைக்கு ஒன்று. மேலே கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி வழியாகக் கீழே சுருள்வில் குலுங்கும். பல வீடுகளில் மணியோடு ஒரு சிறு ஊசலும் இருக்கும். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் மணி ஓய்ந்திருக்கும், ஊசல் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். எந்த அறை கூப்பிட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். என்னுடைய நின்றுபோன நாவலில் உருப்படியான இடம் இது ஒன்றுதான். ஐயா பத்து மணிக்கே இறந்துவிட்டார் என்கிறார் டாக்டர். பத்தரைக்கு அவர் அறை ஊசல் ஆடிக்கொண்டிருந்ததைப் பாத்திரம் தேய்க்கிற பெண் பார்த்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆண்டார். ‘விக்டோரியா காலம்’ என்று மொத்தமாகச் சொல்லி எழுதினால் எங்காவது இடறும். லண்டன் போலீஸில் துப்பறியும் பிரிவு தொடங்கியது 1842-இல், வெறும் எட்டுப் பேரோடு. சி.ஐ.டி. வந்தது 1878-இல். பாதாள ரயில் 1863-இல். கொலைக்குக் காரணம் சொத்து என்றால் 1882-ஐப் பாருங்கள். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அந்த வருடம் நிறைவேறியது. அதற்கு முன் கல்யாணமே போதும், கொலை தேவையில்லை.

தபாலைப் பயன்படுத்துங்கள். லண்டனுக்குள் ஒரே நாளில் பல முறை பட்டுவாடா உண்டு. காலையில் போட்ட கடிதத்துக்கு மாலைக்குள் பதில் வரும்.

யார் யாரை ‘நீ’ என்பார்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரே சொல்லில் ராணியையும் அழைக்கலாம், எடுபிடியையும் அழைக்கலாம். தமிழில் வாயைத் திறந்ததும் படிநிலை தெரிந்துவிடும். அந்தக் காலத்து வழக்கப்படி ஹவுஸ்கீப்பர் கல்யாணமே ஆகாதவராக இருந்தாலும் ‘மிஸஸ்’தான், அது பதவிக்குக் கொடுத்த மரியாதை. பட்லரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கீழே போகப் போகப் பெயரே கரையும். சில வீடுகளில், வந்து சேர்ந்த பணிப்பெண்ணின் பெயர் பிடிக்கவில்லை என்றால் மேரி என்றோ எம்மா என்றோ மாற்றிக் கூப்பிட்டார்கள். எஜமானி ஹவுஸ்கீப்பரை ‘நீங்கள்’ என்றும் பாத்திரம் தேய்ப்பவளை ‘நீ’ என்றும் சொல்லட்டும். கோபம் வரும் ஒரே ஒரு காட்சியில் ஹவுஸ்கீப்பருக்கும் ‘நீ’ விழட்டும், பக்கம் பக்கமாக வசனம் எழுத வேண்டாம். கதைசொல்லியின் குரலிலும் இதே சிக்கல்தான். இன்ஸ்பெக்டருக்கு ‘அவர்’, ஹவுஸ்கீப்பருக்கு ‘அவள்’ என்று நம் பத்திரிகைக் கை பழக்கத்தில் எழுதிவிடும். நான் இருவருக்கும் ‘அவர்’ போடுகிற கட்சி.

செய்யக்கூடாதவை

கைரேகை எடுக்காதீர்கள். 1887-இல் நடக்கிற என் கதையில் ஒரு கான்ஸ்டபிள் கதவுக் கைப்பிடியில் பொடி தூவினார். படித்துப் பார்த்த நண்பர் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘14 வருடம்’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்தது 1901-இல். கல்கத்தாவில் அதற்கு முன்பே, 1897-இல், வந்துவிட்டது என்பது நமக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் என் கான்ஸ்டபிளுக்கு அதனால் பயனில்லை.

ஆர்சனிக்கை உப்பு மாதிரி கடையில் வாங்க விடாதீர்கள். 1851 சட்டத்துக்குப் பிறகு கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வாங்குபவரின் கையெழுத்தையும் பெற வேண்டும். சில்லறையாக விற்பதில் புகைக்கரியோ நீலமோ கலந்திருக்க வேண்டும், வெள்ளைச் சர்க்கரை என்று யாரும் ஏமாறாமல் இருக்க. குறுக்கு வழி வேண்டுமென்றால் ஈப்பிடிக்கும் காகிதம் இருக்கிறது. 1889-இல் லிவர்பூல் பஞ்சு வியாபாரி ஜேம்ஸ் மேபிரிக் இறந்த வழக்கில் அதுதான் பேச்சாக இருந்தது. அவர் மனைவி ஃபுளோரன்ஸின் அறையில் ஈக்காகிதங்கள் தண்ணீரில் ஊறிக்கிடந்ததைப் பார்த்தது ஒரு பணிப்பெண். முகப்பூச்சுக்காக ஊறவைத்தேன் என்றார் ஃபுளோரன்ஸ். அவர் காதலருக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் குழந்தைகளின் தாதி ஆலிஸ் யாப்பிடம் கொடுக்க, அது போய்ச் சேரவே இல்லை. குழந்தை சேற்றில் போட்டுவிட்டது, வேறு உறை மாற்றலாமே என்று பிரித்தேன், கண்ணில் பட்டுவிட்டது என்றார் தாதி. நீதிமன்றத்தில் இந்தச் சேற்றைப் பற்றி நிறையக் கேள்வி வந்தது. ஃபுளோரன்ஸுக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 1904-இல் வெளியே வந்தார்.

இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் ஆலிஸ் யாப்பைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்ப்பது நல்லது. வேலைக்காரர்கள் துப்பறிவதில் ஓர் அழுக்கு உண்டு. பிறர் கடிதம், கதவிடுக்கு, கசங்கிய தலையணை. உங்கள் ஹவுஸ்கீப்பர் உறையைப் பிரிக்கிற ஆளா, பிரிக்காத ஆளா? பிரிப்பார் என்றால் அவருக்கு அது உறுத்த வேண்டும். எல்லாவற்றையும் அன்புமயமாக எழுதி இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற நாவல்கள் அதிகம். பிரைட்வெல்லும் பல இடங்களில் தாண்டித்தான் போகிறார், படிக்கச் சுகமாக இருப்பதால் நாம் விட்டுவிடுகிறோம்.

சின்ன வீட்டில் ஹவுஸ்கீப்பரை வைக்காதீர்கள். மிஸஸ் பீட்டனின் 1861 குடும்ப நிர்வாகப் புத்தகத்தில் சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஹவுஸ்கீப்பருக்கு வருடத்துக்கு 20 முதல் 45 பவுண்டு. எல்லா வேலையும் செய்யும் ஒற்றைப் பணிப்பெண்ணுக்கு 9 முதல் 14. குமாஸ்தா வீட்டுக்கு இரண்டாவதுதான் கட்டும். பெரிய மாளிகையில் ஹவுஸ்கீப்பருக்குத் தனி அறை உண்டு, உயர்படி வேலைக்காரர்கள் அங்கே வந்துதான் சாப்பாட்டை முடிப்பார்கள். அவர் அடுக்களையில் உட்கார்ந்து எல்லோரோடும் அரட்டை அடிப்பது வழக்கமில்லை. அடிக்க வைக்க வேண்டுமென்றால் பிரைட்வெல் செய்தது போலக் கட்டுப்பாடில்லாத ஒண்டிக்கட்டை எஜமானராகப் பாருங்கள். உண்மையான ஒருவரை மனதில் வைத்துக்கொள்ள விரும்பினால் எச்.ஜி. வெல்ஸின் தாய் சாரா வெல்ஸ் இருக்கிறார். 1880 முதல் 1893 வரை சஸெக்ஸில் அப்பார்க் மாளிகையின் ஹவுஸ்கீப்பர். விடுமுறைக்கு அங்கே வந்த பையன் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு மாளிகை நூலகத்துப் புத்தகங்களைப் படித்தான்.

எழுத்தறிவில்லாத வெகுளிகளாகக் கீழ்த்தளத்தை நிரப்பாதீர்கள். ஹன்னா கல்விக் என்ற பணிப்பெண் தேய்த்த படிக்கட்டையும் மினுக்கிய பூட்ஸையும் வருடக்கணக்காக நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதே ஹன்னா 1873-இல் ஆர்தர் மன்பி என்ற கனவானை ரகசியமாக மணந்துகொண்டார். இதை நாவலில் வைத்தால் ‘நம்பும்படி இல்லை’ என்று கடிதம் வரும்.

இன்ஸ்பெக்டரை மடையராக்காதீர்கள். கண்ணியமானவர், கொஞ்சம் மெதுவானவர், அவ்வளவு போதும். மடையரிடம் பத்து வருடம் வேலை பார்க்கிற அம்மாள்மீதும் நமக்கு மதிப்புக் குறையும்.

பட்லர் கொலை செய்ய வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியரைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன், மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மகாராஜாவே வந்தார். வைரம், சாபம், தலைப்பாகை எல்லாம் ‘மூன்ஸ்டோன்’ காலத்திலேயே செலவாகிவிட்டன. நிஜமாகவே அந்த லண்டனில் இருந்தவர்கள் ஆயாக்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தோடு கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வந்து, கரை சேர்ந்ததும் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் தங்க ஆல்ட்கேட்டில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது, 1900-இல் ஹாக்னிக்கு மாறியது. அங்கிருந்து ஒரு பெண் வந்து உங்கள் அடுக்களை மேசையில் உட்கார்ந்தால் பேசுவதற்கு அவருக்கு விஷயம் இருக்கும்.

கடைசி அத்தியாயத்தில் அம்மாளுக்குப் பாராட்டு விழா நடத்தாதீர்கள். பத்திரிகையில் பெயர் வந்தால் அவர் பிழைப்பு போயிற்று. அன்றைக்கு வேலை மாறுகிறவருக்கு முந்தின எஜமானி எழுதிக்கொடுக்கும் நற்சான்றுக் கடிதம்தான் உயிர். அது இல்லாதவரை எந்த நல்ல வீடும் சேர்க்காது, கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் எஜமானிக்குக் கிடையாது. வீட்டு ரகசியத்தைத் தோண்டுகிற ஹவுஸ்கீப்பருக்கு அதை எந்த எஜமானி எழுதித் தருவார்? கதை முழுக்க அவர் தலைக்கு மேல் தொங்கும் கத்தி அது. இன்ஸ்பெக்டர் மேலே பாராட்டு வாங்கட்டும். கீழே அம்மாள் சலவைக் கூடையைத் திறந்து, நோட்டைப் பிரித்து, தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருப்பார். பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருக்கிறது. அடுத்த நாவலை அங்கே தொடங்கலாம்.