இரு கடலுக்கு ஓர் ஓடை

வீட்டு முகட்டில் வீழும் மழைநீர் ஒருபுறம் தெருவிற்கும் மறுபுறம் கொல்லைக்கும் வழிந்தோடும். மலைத்தொடரின் முகடும் அத்தகையதே. அதனை நீர்ப்பிரிமேடு என்பர் பூகோள நூலார். அஃது இருபுறத்து நீரையும் கலக்கவொட்டாத மதில் என்றே நாம் கற்கின்றோம். ஆயின் அவ்விதிக்கு விலக்காயதோர் இடம் வட அமெரிக்காவில் உண்டு.

ராக்கி மலைகளின் நீர்ப்பிரிமேடு வையோமிங் மாகாணத்தில் டீட்டன் வனாந்தரத்தின் ஊடே செல்கின்றது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பெறும் இவ்வனாந்தரத்தின் பரப்பு ஏறக்குறைய 5,85,000 ஏக்கர். இதனுள் மோட்டார் வண்டி செல்லலாகாது; கால்நடையாகவோ குதிரை மீதோதான் செல்லல் வேண்டும். ஊசியிலைக் காடுகளும், உறைபனி மூடிய சிகரங்களும், கரடியும் எல்க் மானும் உலவும் பசும்புல் வெளிகளுமே எங்கும் உள்ளன.

இங்கே சுமார் 8,100 அடி உயரத்தில் 'இருகடற் கணவாய்' எனப் பொருள்படும் டூ ஓஷன் கணவாய் அமைந்துள்ளது. மலைச்சரிவினின்று இறங்கும் சிற்றோடை ஒன்று அவ்விடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளையாகிய அட்லாண்டிக் ஓடை யெல்லோஸ்டோன், மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளின் வழியே 3,488 மைல் சென்று மெக்சிகோ வளைகுடாவை அடையும். மற்றொரு கிளையாகிய பசிபிக் ஓடை ஸ்னேக், கொலம்பியா ஆறுகளின் வழியே 1,353 மைல் சென்று பசிபிக் சமுத்திரத்தைச் சேரும். கணவாய் சமதளமான சதுப்புநிலமாதலின், மீன் ஒருபுறத்தினின்று மறுபுறம் நீந்திச் செல்லுதல் கூடும்.

இதனால் நெடுநாள் ஐயம் ஒன்று தீர்ந்தது. யெல்லோஸ்டோன் ஏரிக்குக் கீழே 109 அடியும் 308 அடியுமான இரு நீர்வீழ்ச்சிகள் உள்ளன. அவற்றை எம்மீனும் ஏறவியலாது. அங்ஙனமாயின், தாடையின்கீழ்ச் செங்கீற்றுடைய கட்த்ரோட் டிரௌட் மீன் அவ்வேரியை அடைந்தது எவ்வாறு? பனிக்கட்டியாறுகள் உருகிய பின்னர், மேல்புறத்து ஆறுகளினின்று இக்கணவாய் வழியே வந்தது என்பதே அறிஞர் முடிபு. 1891-இல் எவர்மன் என்னும் மீனியல் அறிஞர் இவ்விடத்தை நேரிற் கண்டு ஆராய்ந்தார்.

அம்மீனுக்கு இன்று இடர் நேர்ந்துள்ளது. மனிதரால் கொணரப்பட்ட ஏரி டிரௌட் என்னும் பெருமீன் அவ்வேரியில் இருப்பது 1994-இல் தெரியவந்தது. அது கட்த்ரோட்டை உண்பது. மேலும், கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறுங்கால் கரடிக்கும் விராலடிப்பானுக்கும் இரையாகும். ஏரி டிரௌட்டோ ஆழ்நீரிலேயே வாழ்வதாதலின் அவற்றிற்குக் கிட்டுவதில்லை. ஒரு மீன் குறையவே காட்டுயிர் பலவும் இரை இழந்தன. ஆகவே, ஆண்டுதோறும் வலையிட்டு ஏரி டிரௌட்டை அகற்றி வருகின்றனர்.

தேசப்படத்தில் நீர்ப்பிரிமேட்டைக் கோடாக வரையும் மாணவர், அக்கோட்டில் ஓரிடத்தே மீன் நுழையும் வாயில் உண்டென்பதை நினைவிற் கொள்வாராக.