எந்த விளையாட்டை வாங்குவது?

மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சிறுவர்களின் ஆட்டம் வீட்டிற்குள் ஒடுங்கிவிடும். அந்நாளில் புதிய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வீட்டிற்கு வருகிறது. கையிலுள்ள பணமோ ஒரு விளையாட்டுக்கே போதும். எதனை வாங்குவது?

இக்கேள்வி கருவியைச் செய்தவர்களுக்கும் எழுந்ததுண்டு. 1989 ஏப்ரலில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கருவியை வெளியிட்டது. உடன் வெளிவந்த நான்கு விளையாட்டுகளுள் ‘சூப்பர் மரியோ லேண்ட்’ ஒன்று. அமெரிக்காவில் கருவியுடன் மரியோவையே சேர்த்து விற்க நிறுவனத்தார் எண்ணினர். ஹென்க் ரோஜர்ஸ் என்பவரோ, மரியோவைச் சேர்த்தால் சிறுவர் வாங்குவர், டெட்ரிஸைச் சேர்த்தால் அனைவரும் வாங்குவர் என்று எடுத்துரைத்தார். அவ்வாறே டெட்ரிஸ் சேர்க்கப்பட்டது. 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

டெட்ரிஸ், 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும், அவ்வளவே. ஆடுவதற்கு எம்மொழியும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் கட்டங்கள் வேறு வரிசையில் விழுவதால் ஆட்டம் சலிப்பதில்லை. பல்லாங்குழியைப் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடுவதும் அதன் எளிமையால் அன்றோ?

ஆகவே, படத்தின் அழகை மட்டும் பார்த்தல் போதாது. தங்கையால் ஆட முடியுமா, பாட்டிக்குப் புரியுமா, நாளையும் ஆடத் தோன்றுமா எனக் கேட்டுத் தேர்தல் வேண்டும்.

பொருள் அறிக: ஒடுங்குதல் – சுருங்குதல், படி – பிரதி.

விடை எழுதுக:
1. ரோஜர்ஸ் கூறிய காரணம் யாது?
2. டெட்ரிஸ் சலிப்பதில்லை, ஏன்?
3. உங்கள் வீட்டில் அனைவரும் ஆடும் விளையாட்டைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.