தண்ணீர்விட்டான் பாத்தியில் களையும் மூடாக்கும்



போன மாதம் செங்கம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா, கடன் தவணை எல்லாம் எண்ணி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "மேடம், தண்ணீர்விட்டான் கிழங்கு போட்டா லாபம்னு சொன்னீங்க. களை எடுத்தே எங்க இடுப்பு போச்சு. இதுல இன்னா லாபம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்து சென்ட் பயிருக்கு உள்கடன் மனு எழுத உதவியவள் நான்தான்.

மறுநாள் காலையில் அவர் நிலத்துக்குப் போனேன். அவரும் மருமகளும் மண்வெட்டியால் களையைக் கொத்திக்கொண்டு இருந்தார்கள். புரண்டு கிடந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால், விரல் நீளத்துக்கு வெட்டுப்பட்ட வேர்த்துண்டுகள். நாம் விற்கப்போகிற சரக்கே அதுதான்! களையோடு சேர்த்துப் பயிரையும் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நடவு பற்றிச் சொல்லிக்கொடுத்த நான், களை பற்றிச் சரியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

தண்ணீர்விட்டான் என்பதும் சதாவரி என்பதும் ஒன்றுதான். ஜவ்வாது மலைப் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய செடி இல்லை. கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, இது மரவள்ளி மாதிரி இல்லை. தூரிலிருந்து கொத்துக் கொத்தாக வேர்கள் கிளம்பி, விரல் மாதிரி பருக்கும். நிறைய வேர்கள் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் பரவும். செடியிலிருந்து ஒரு அடி தள்ளித்தானே கொத்துகிறோம் என்று நினைப்போம். அங்கேயும் வேர் இருக்கும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு மல்லாட்டைக் கணக்கு நன்றாகத் தெரியும். பூ எடுக்கிறதுக்கு முன்னால் களைக்கொட்டுப் போட்டு மண்ணைக் கிளறிவிடுவோம். விழுது மண்ணில் இறங்கிவிட்டால் கொட்டைக் கீழே வைத்துவிடுவோம். தண்ணீர்விட்டானுக்கும் அதே விதிதான். ஆனால் மல்லாட்டைக்குச் சில வாரம். இதற்கு, நட்ட சில மாதத்திலிருந்து தோண்டுகிற வரைக்கும், ஒன்றரை இரண்டு வருஷம்.

இந்தச் செடிக்கு இலை ஊசி மாதிரி மெல்லியது. படர்ந்தாலும் நிழல் கட்டாது. கத்தரி, பூசணி போல மண்ணை மூடிக் களையை அடக்கும் சக்தி இதற்கு இல்லை. வெயில் நேராகத் தரையில் விழுகிறது, களை சந்தோஷமாக வளர்கிறது. செடி மூடாத நிலத்தை நாம்தான் மூட வேண்டும். அதுதான் மூடாக்கு. நம்மாழ்வார் ஐயா 2013இல் மறையும் வரைக்கும் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயம்.

ஆனால் களை நிற்கிற இடத்தில் அப்படியே சருகைக் கொட்டினால் பிரயோஜனம் இல்லை. முதலில் களையை எடுக்க வேண்டும். மழை பெய்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்குங்கள். வேரோடு வரும். பூ எடுத்து விதை விழுவதற்கு முன்னால் பிடுங்குவது முக்கியம். நட்ட முதல் மூன்று நான்கு மாதம் மட்டும் களைக்கொட்டால் மேலாகச் சீவலாம். அதற்கப்புறம் செடி ஓரத்தில் கைதான், வாய்க்காலில் அரிவாளால் அறுப்புதான். மண்வெட்டி வேண்டவே வேண்டாம். தண்டில் வளைந்த முள் இருக்கும். பழைய சட்டைக் கையை வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொள்ளுங்கள்.

களையில் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடையலாம். அருகு அப்படி இல்லை. பிடுங்கி மூடாக்கு மேலேயே போட்டால் ஒரு மழைக்கு மறுபடி வேர் பிடிக்கும். வரப்புக்கு வெளியே கொண்டுபோய்க் காய வையுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கினால் தழையாகப் போடலாம். பூத்துவிட்டால் தோட்டத்துக்குள்ளேயே வேண்டாம். தொட்டால் சிலருக்கு உடம்பு முழுக்க அரிப்பு எடுக்கும், கையை மூடிக்கொண்டு எடுங்கள்.

கோரைதான் நம் எதிரி. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு நின்றுவிடும். மூடாக்குக்குக் கோரை பயப்படாது, பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும். நடுவதற்கு முன்னால் கோடை உழவில் கிழங்கைப் பொறுக்கி எடுப்பதுதான் வழி. கோரை மண்டிய நிலமாக இருந்தால் அந்த வருஷம் தண்ணீர்விட்டான் போடாதீர்கள் என்றே நான் சொல்வேன்.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேரை மருந்துக்கு வாங்குகிறார்கள், அந்த மண்ணில் விஷம் எதற்கு? இன்னொரு சங்கதி. இதே இனத்தில் ஆஸ்பராகஸ் என்று ஒன்று குளிர் நாடுகளில் காய்கறியாக விளைகிறது. அதன் குருத்தைச் சாப்பிடுவார்கள். அந்தச் செடி உப்பைத் தாங்கும் என்பதால் அந்தக் காலத்தில் பாத்தியில் உப்புப் போட்டுக் களையைக் கொன்றார்கள். நாளடைவில் மண்ணே கெட்டுப்போகும் என்று தெரிந்து அந்தப் பழக்கம் குறைந்தது. யாராவது உங்களிடம் உப்பு யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் கிணறுகளில் இருக்கிற உப்பே போதும்.

மூடாக்குக்கு எதைப் போடுவது? வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் மாட்டுக்கு வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். மல்லாட்டைத் தொட்டி நல்லது, ஆனால் செங்கல் சூளைக்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கரும்பு போடுகிற ஊரில் சோகையைக் கொளுத்துகிறார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். கொளுஞ்சி, எருக்கு, புங்கன், வேம்பு, வேலியோரக் கிளைரிசிடியா எல்லாம் ஆகும். சீமைக்கருவேலத் தழையில் காய் இருந்தால் ஆகாது, விதை முளைக்கும். அண்ணாமலையில் புல் அறுக்கப் போகாதீர்கள், அது காப்புக்காடு.

டவுன் பக்கத்து ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரிலும் இளநீர்க் கூடு குவிந்து கிடக்கும். குப்பையோடு கலப்பதற்கு முன்னால் கடைக்காரரிடமே கேட்டு எடுத்துவிட வேண்டும். முழுசாகப் போட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். நாலாகப் பிளந்து, காயவைத்து, துண்டு போட்டுத்தான் பரப்ப வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் சீக்கிரம் மக்காமல் நிற்கும்.

அளவு 3 முதல் 4 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்து சென்ட்டையும் 4 அங்குலத்துக்கு மூட 1,452 கன அடி, அதாவது 14½ யூனிட் சருகு வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது? வரிசைக்கு வரிசை 2 அடி என்றால், செடி வரிசையில் மட்டும் ஒரு அடி அகலத்துக்குப் போடுங்கள். பாதியில் முடியும். வாய்க்காலில் அறுக்கிற களையை அங்கேயே மடக்கிப் போட்டுக்கொண்டே வரலாம். சருகு அமுங்கிவிடும், சில மாதத்துக்கு ஒரு முறை மேலே சேர்க்க வேண்டும்.

தூரை ஒட்டிப் போடாதீர்கள். சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தூர் அழுகும். காய்ந்த மண்ணின் மேலும் போடாதீர்கள். மழை பெய்தோ தண்ணீர் பாய்ச்சியோ ஈரமாக இருக்கும்போது போட்டால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும். கார்த்திகை, மார்கழி மழை முடிந்ததும் தை மாதம் போடுவது நமக்குத் தோது. செம்மண்ணில் காய்ந்த சருகுக்குக் கரையான் வரும். அவ்வப்போது கிளறிப் பாருங்கள், சாணிக்கரைசல் தெளித்து ஈரம் காட்டுங்கள். கோடையில் பீடி நெருப்பு ஒன்று போதும், பாத்தியே போய்விடும். வீட்டு ஆண்களிடம் சொல்லி வையுங்கள். சருகுக்கு அடியில் தேள், பாம்பு இருக்கலாம். கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடன் மனுவில் நாற்று, எரு, உழவு எல்லாம் எழுதினோம். களைக்கு ஒரு ரூபாய்கூட எழுதவில்லை, வீட்டுப் பெண்கள்தானே எடுக்கப்போகிறோம் என்று. ஒரு தடவை களைக்கு இரண்டு பேர் இரண்டு நாள் என்றால் 4 ஆள். வருஷத்துக்கு எட்டுத் தடவை என்றால் 32 ஆள். அதை உங்கள் ஊர்க் கூலியால் பெருக்குங்கள். மாமியார், மருமகள் இருவர் உழைப்பும் அதற்குள் இருக்கிறது. அதை எழுதாமல் வந்த லாபம் என்ன லாபம்? அடுத்த மனுவிலிருந்து களைக் கூலிக்கும் மூடாக்குக்கும் தனித்தனி வரி போடுவது என்று அன்றைக்கே பேசி முடிவெடுத்தோம். வேர் தோண்ட ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். தவணையோ மாசா மாசம். பால் காசோ வேறு வருமானமோ இல்லாதவர்கள் இந்தப் பயிருக்குக் கடன் எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். வாங்குகிறவர் யார், என்ன விலை என்பதை எழுத்தில் பார்க்காமல் நாற்று வாங்காதீர்கள்.

அக்கா நிலத்தில் வெட்டுப்பட்டது போக மிச்சம் செடி நன்றாகவே இருக்கிறது. குழுவில் ஆறு பேர் சேர்ந்து, பக்கத்துக் கரும்புக் கொல்லையில் கொளுத்த இருந்த சோகையைக் கட்டித் தூக்கி வந்து, இரண்டு வரிசைக்குப் போட்டு முடித்தோம். மூன்றாவது வரிசையை வேண்டுமென்றே மூடாமல் விட்டிருக்கிறோம். எந்த வரிசையில் எத்தனை ஆள் களை எடுக்கிறார்கள் என்று மருமகள் நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார். பங்குனியில் அந்த நோட்டைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.