பட்டு நகரில் ஒரு பகல்

தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் கடற்கரையில் வால்பரைசோ என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. குன்றுகளின் சரிவில் அடுக்கடுக்காய் அமைந்த அந்நகர வீடுகள் மஞ்சளும் நீலமும் சிவப்புமாய்ப் பொலிகின்றன. அவ்வண்ணக் காட்சியைக் காணப் பல நாட்டு மக்களும் அங்குச் செல்கின்றனர். வண்ணங்களைக் காண நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வேலூருக்குத் தெற்கே, கமண்டல நாகநதிக் கரையில் ஆரணி நகரம் உள்ளது. அங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆயினும் வண்ணங்களுக்குக் குறைவில்லை. வாருங்கள், ஒரு பகற்பொழுது அங்குச் சென்று வருவோம்.

காலை இளவெயிலில் நெசவாளர் தெருவினுள் நுழைகின்றோம். தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டப்பெற்றிருக்கின்றது. வெயில் ஏறுவதற்கு முன் அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, பாவினைச் சீர்செய்கின்றனர்.

அடுத்துச் சாயச்சாலையைக் காண்போம். பட்டுப்புழு நூற்ற இழையின்மேல் இயற்கையாகவே ஒருவகைப் பசை படிந்திருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு அதனை நீக்குவர். பசை நீங்கிய பின்னரே பட்டு மென்மையும் பளபளப்பும் பெறும். பின்பு அதனைச் சூடான சாயநீரில் தோய்த்துத் திருப்பித் திருப்பி எடுத்து, நிழலில் உலர்த்துவர். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயிற்கழுத்து நிறம் எனக் கொடிகளில் தொங்கும் பட்டுக் கற்றைகள் நம் கண்களைக் கவர்கின்றன.

வீட்டினுள் தறி ஓசை கேட்கின்றது. குழியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர், மிதிகளை மாறிமாறி மிதித்து நாடாவைச் செலுத்துகின்றார். தறியின்மேல் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குகின்றன. எந்த இழை எழவேண்டும், எந்த இழை தாழவேண்டும் என்பதை அத்துளைகளே முடிவு செய்கின்றன. 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய பொறி இது. பிறிதொரு வீட்டில், தீர்ந்த பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கின்றனர். ஆயிரக்கணக்கான இழைகள்! ஒன்று பிழைத்தாலும் சேலையில் குற்றம் தோன்றும்.

மாணவர்களே, மீண்டும் வால்பரைசோவை நினைத்துப் பாருங்கள். தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்ற கப்பல்கள் ஒருகாலத்தில் அங்குத் தங்கின, நகரம் செழித்தது. 1914-ஆம் ஆண்டு பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பல்கள் வழி மாறின. நகரின் வளம் குன்றியது. 2003-ஆம் ஆண்டில் அதன் பழைய பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. எனினும் பழைய வாணிகம் மீளவில்லை.

ஒரு தொழிலையே பெரிதும் நம்பிய ஊருக்கு இஃது ஓர் எச்சரிக்கை. விசைத்தறித் துணி விரைவாகவும் மலிவாகவும் வருகின்றது. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் உழைப்பிற்கேற்ற ஊதியம் கிடைத்தாலன்றித் தம் பிள்ளைகளைத் தறியில் அமர்த்தப் பெற்றோர் எங்ஙனம் விரும்புவர்?

மாலையில் ஊர் திரும்புகின்றோம். இனி மணவீட்டில் பட்டுச் சேலையைக் காணும்போது அதன் நிறத்தை மட்டும் வியவாது, இழைதோறும் பதிந்த விரல்களையும் நினைப்போமாக. அவ்விரல்களுக்கு உரிய விலையைக் கொடுப்பதே அக்கலையைக் காக்கும் வழியாகும்.